குங்குமம் இல்லாத ரெஞ்சு

ஸ்டோர் கீப்பர் கிருஷ்ணப்பனை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று தெரிந்த காலையில் எங்கள் பட்டறையில் அழுதது பூவம்மா ஒருத்திதான். அதுவும் பாசத்தில் இல்லை. பெருக்குவதற்காக ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளியவள், சிதறிக் கிடந்த பொரிக்கு நடுவே அவர் குப்புறக் கிடந்ததைப் பார்த்துப் பயந்து அழுதாள். மற்ற முப்பத்திரண்டு பேரும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றோம்.

அது எழுபத்திரண்டாம் வருஷம், விஜயதசமி. திருவொற்றியூரில் ரயில் பாதைக்குப் பின்னால், கப்பல்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் பம்புகளையும் வால்வுகளையும் ரிப்பேர் செய்யும் பட்டறை எங்களுடையது. முந்தின நாள் ஆயுத பூஜை. காலையில் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பை பொரி வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். மிச்சப் பொரியைப் பூட்டி வைக்கக் கிருஷ்ணப்பன் மட்டும் பின்தங்கினார். அன்று பிற்பகலிலேயே முடிந்திருக்கிறது காரியம். மண்டையில் கனமான எதனாலோ ஒரே அடி என்று போலீஸ் டாக்டர் சொன்னதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பொரி தின்றுவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறான். உடலை எடுத்துப் போனார்கள், ஸ்டோர் ரூமுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள்.

ஸ்டோர் பூட்டியிருந்தால் பட்டறையில் ஒன்றும் நடக்காது. வெல்டிங் ராடு இல்லை, கை துடைக்க வேஸ்ட் துணி இல்லை. ஆகவே முப்பத்திரண்டு பேரும் மறுநாள் முழுக்கத் தகரக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டு, கொன்றது யார் என்று ஆராய்ந்தோம். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு கவனமாக யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கஸ்பார். பிட்டர். ராயபுரத்துக்காரன். மூன்று வருஷமாக டெம்பரவரி. லெண்டிங் லைப்ரரியில் வாரம் இரண்டு துப்பறியும் நாவல் எடுத்துப் படிக்கிறவன் என்பதால், இந்த விஷயத்தில் பேசுகிற யோக்கியதை அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்தேன். அப்போது எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்.

வருகிற முதல் தேதி டெம்பரவரி ஆட்களில் ஒருவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. யூனியன் செயலாளர் ஜெயவேல் சிபாரிசு எழுத வேண்டும், மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆர்டர் கைக்கு வந்தால்தான் எல்சிக்கும் எனக்கும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுப்பேன் என்று அவள் அப்பா ஸ்டானிஸ்லாஸ் அடித்துச் சொல்லியிருந்தார். வராவிட்டால் கஸ்டம்ஸில் பியூனாக இருக்கும் ஒருவன் தயாராக இருந்தான். பார்க்க நன்றாக வேறு இருப்பான், பாவி.

கொலைக்கு வருவோம். கொன்றவனைக் கண்டுபிடிக்க முதலில் காரணம் வேண்டுமல்லவா. அங்கேதான் சிக்கல். கிருஷ்ணப்பன் கையிலிருந்து ஒரு சாமான் வாங்குவது சாதாரணமில்லை. புது வேஸ்ட் துணி கேட்டால் பழையதைக் காட்டச் சொல்வார், அதை முகர்ந்தும் பார்ப்பார். சோப்பை நூல் போட்டு நாலாக அறுப்பார். வலது கையுறை கிழிந்தால் வலது மட்டும்தான் தருவார். வெல்டர் குணசேகரனின் கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்தபோது, இன்னொரு கண் தெரிகிறதல்லவா என்று திருப்பி அனுப்பியவர் அவர். அதனால் தன்னிடம் இருக்கிற காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று குணசேகரன் மார்தட்டினான். யூனியன் போர்டுக்கு மேல் இருந்த பல்பைக் கழற்றிக்கொண்டு போனாரே, அது மட்டும் சின்னக் காரணமா என்று ஜெயவேல் கோபித்துக்கொண்டார். ஆளாளுக்குப் போட்டி போட்டார்கள். அந்த நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் போலீஸ் நின்றிருந்தால் முப்பத்தோரு வாக்குமூலம் சும்மா கிடைத்திருக்கும்.

என்னுடையதை நான் ஆரம்பித்ததும் குணசேகரன் கையமர்த்தினான். “நீ சும்மா இரு மாமு. நீ டெம்பரவரி. உனுக்கு இன்னா காரணம் கீது?”

கொலையில்கூட என்னைப் பர்மனென்ட் ஆக்க மாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில்தான் எழுந்து நின்றேன்.

நான் சொன்னது இதுதான். காரணத்தை விடுங்கள், தடயத்தைப் பாருங்கள். கனமான சாமானால் அடித்திருக்கிறான். பட்டறைக்குள் கனமான சாமான் என்றால் சுத்தியலோ ரெஞ்சோ ஸ்பானரோதான். அடித்தவன் ரத்தத்தைத் துடைக்காமல் வைப்பானா? மாட்டான். ஆனால் அன்று எல்லா ஆயுதத்துக்கும் நாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். பூஜையில் வைத்ததை விஜயதசமியில்தான் எடுக்க வேண்டும், அன்றைக்கோ பிணத்தைப் பார்த்துவிட்டு யாரும் எதையும் தொடவில்லை. ரத்தத்தைத் துடைத்தவன் குங்குமத்தையும் சேர்த்துத்தான் துடைத்திருப்பான். ஆகவே சுத்தமாக இருக்கும் ஆயுதம் எதுவோ, அதற்குச் சொந்தக்காரன்தான் கொலைகாரன்.

ஜெயவேல் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். பூவம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எல்லோரும் ஊர்வலமாக ஆயுதப் பலகைக்குப் போனோம். சுவர் நீளத்துக்கு இருக்கும் அந்தப் பலகையில் ஆளுக்கொரு நம்பர், அதற்குக் கீழே அவனவன் சாமான்கள். நான் முன்னால் நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். எல்லாம் சிவப்பு. குணசேகரனின் சுத்தியலில் அரை டப்பா குங்குமம் அப்பியிருந்தது. பதினாறாம் நம்பர் வரை வந்துவிட்டேன். பதினேழில் தொங்கிய பதினெட்டு அங்குலப் பைப் ரெஞ்சு, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது.

பதினேழு என்னுடைய நம்பர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது நினைவில் இல்லை. இனிமேல் யார் நம்பப் போகிறார்கள்? நடந்தது இது. ராயபுரத்தில் எல்சி வீட்டு அடி பம்பு பத்து நாளாக இறுகிக் கிடந்தது. ஸ்டானிஸ்லாஸிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட வேறு சந்தர்ப்பம் வராது என்று, பூஜை முடிந்ததும் ரெஞ்சைப் பொரிப் பைக்குள் சொருகிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டேன். பம்பைக் கழற்றப் போகும்போது எல்சியின் அம்மா அடைக்கலமேரி தடுத்தார். மரியாயின் சேனை என்கிற கோயில் சபையில் இருக்கிற பெண்மணி. அவர்கள் சாமிக்கு வைத்த குங்குமம் நம் வீட்டுக் குடிதண்ணீரில் விழுவது அவர்களுக்கும் மரியாதை இல்லை, நமக்கும் சரியில்லை என்று ரெஞ்சை வாங்கித் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். பம்பு ஓடியது. மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் பட்டறைக்கு வந்து ரெஞ்சை அதன் இடத்தில் மாட்டிவிட்டேன்.

கம்பெனி சாமானைக் கேட்டுக்கு வெளியே கொண்டு போனால் திருட்டு. டெம்பரவரி ஆளுக்கு விசாரணைகூடக் கிடையாது, அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் நான் திருடன், ஓலை இல்லை. சொல்லாவிட்டால் கொலைகாரன், அப்போதும் ஓலை இல்லை. கஸ்டம்ஸ் பியூனுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

முப்பத்தோரு பேரும் ரெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஜெயவேல் மெதுவாகக் கேட்டார்: “பூஜை முடிஞ்சி நீ எங்கபா போன?”

“வூட்டுக்குத்தாண்ணா.”

அதைச் சொன்ன விதத்திலேயே பொய் என்று எனக்கே தெரிந்தது. பூவம்மா வேறு, விஜயதசமி காலையில் எனக்கு முன்னால் அவள்கூட வரவில்லை என்பதை நினைவுபடுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் கலைந்து போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டீ வந்தபோது முதல் கிளாஸ் எனக்கு வந்தது. மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் முதல் கிளாஸ் அது. குணசேகரன் எழுந்து தன் பெஞ்சில் இடம் விட்டான். மாமு என்று கூப்பிட்ட வாய் இப்போது கஸ்பார் அண்ணே என்றது. அவன் என்னைவிட நாலு வயது பெரியவன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து, “ரொம்ப கஷ்டப்பட்டாரா?” என்று ரகசியமாகக் கேட்டான். நான் முறைத்தேன். முறைத்ததும் பயந்துபோய் வடை வாங்கிக் கொடுத்தான். தின்றேன். பயத்திலும் பசிக்கத்தான் செய்கிறது.

நாலு மணிக்குக் கிருஷ்ணப்பனின் மனைவி, கொட்டகையில் இருந்த அவருடைய செருப்பையும் டிபன் கேரியரையும் வாங்கிப் போக வந்தார். கேரியரைத் திறந்து பார்த்தார். பூஜையன்று கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் அப்படியே பூசணம் பிடித்து இருந்தது. மூடிவிட்டு, செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார். அதுவரை நாங்கள் பேசிச் சிரித்ததை நினைக்க எனக்கு அசிங்கமாக இருந்தது.

போகிற நேரத்தில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். நாளைக் காலை இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு ஆயுதமாகப் பார்க்கப் போகிறார், குங்குமம் இல்லாதது எதுவோ அதுதான் தடயம், இது தன்னுடைய யோசனை என்றார். வாட்ச்மேன் சொல்லி அவர் காதுக்குப் போயிருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் என் யோசனையைத் திருடியதற்குக் கோபம் வந்திருக்கும். அப்போது அது அவருடையதாகவே இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்குப் போகாமல் நேரே எல்சியைப் பார்க்கப் போனேன். சாயங்கால ஜெபம் முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் குங்குமம் வைத்துவிடலாமா என்றும் கேட்டேன். சுண்டல் விற்கிறவன் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு அவள் பேசினாள்.

“திருடன்னா வேல போவும். கொலகாரன்னா உசுரே போவும். இதுல யோசிக்க இன்னா கீது? போய் உண்மைய சொல்லு. வேல போனா போவட்டும். நான் எங்கயும் போவ மாட்டேன்.”

அவள் அப்பா என்ன சொல்வார் என்றேன். அப்பா குடிக்கிற தண்ணீர் அந்தப் பம்பிலிருந்துதானே வருகிறது என்றாள். வேலை போவது உறுதி என்று தெரிந்த பிறகும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் மேனேஜரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கே போனேன். பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தோரு பேரும் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். தரையில் வரிசையாகக் குந்திக்கொண்டு, தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து, சுத்தியல், ஸ்பானர், அரம் எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பூவம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஆயுதப் பலகையில் ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது.

“இன்னாண்ணா இது?” என்றேன்.

ஜெயவேல் நிமிராமல் சொன்னார்: “பூஜ முடிஞ்சிபோச்சி, தொடச்சி வச்சிட்டோம். அவ்ளோதான்.”

“நான் கொல்லலண்ணா.”

“நாங்க கேக்கலியே.” கையிலிருந்த ஸ்பானரை ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “கிருஷ்ணப்பன் போயிட்டாரு. உன்னையும் அனுப்ணுமா இன்னா?”

என்னைக் கொலைகாரன் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் அவர்கள் எனக்காகத் தேய்த்தார்கள். மேனேஜர் அறைக்குப் போகாமல் நானும் ஓர் அரத்தை எடுத்துத் தேய்த்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். மேனேஜர் பெருமையோடு பலகைக்கு அழைத்துப் போய், அங்கே நின்று விழித்தார். இன்ஸ்பெக்டர் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை நடந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். உங்கள் பட்டறை மாதிரி சுத்தம் நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஸ்டோர் ரூம் சீலை உடைத்து உள்ளே போனார்.

சீல் வைத்த அறைக்குள் மட்டும் எங்களால் போய்த் துடைக்க முடியவில்லை. அங்கே வேஸ்ட் துணி நிறுக்கிற தராசு இருந்தது. அதன் தட்டில் ஐந்து கிலோ எடைக்கல். முதல் நாள் போலீஸ், டாக்டர், நான் உட்பட எல்லோரும் பார்த்த கல்தான் அது. சிவப்பாக இருந்தது, பூஜை போட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். இப்போது பட்டறை முழுக்கச் சிவப்பு என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், கைக்குட்டையால் பிடித்துத் தூக்கினார், அடிப்பக்கம் ஒட்டியிருந்த நரைமயிரை எங்களுக்கும் காட்டினார். சுத்தமானதைத் தேடுங்கள் என்று சொன்ன என் மூளையை நினைத்து நானே வெட்கப்பட்டேன்.

மறுநாள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பனின் பக்கத்து வீட்டுக்காரன். நடுச்சுவரை ஒரு முழம் உயர்த்தியதில் சண்டை. வாட்ச்மேன் தூங்கும்போது சமாதானம் பேச வந்தவன், பேச்சு முற்றி, கைக்கு எட்டிய கல்லை எடுத்திருக்கிறான். இரண்டாவது கேள்விக்கே ஒப்புக்கொண்டானாம்.

கொட்டகையில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. முப்பத்தோரு பேரிடம் அவ்வளவு நல்ல காரணங்கள் இருக்க, யாரோ ஒருவன் சுவருக்காகக் கொன்றுவிட்டான். டீ வந்தது. எனக்குக் கடைசி கிளாஸ். குணசேகரன் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, பழையபடி மாமு என்று கூப்பிட்டு, அப்படியானால் உன் ரெஞ்சு ஏன் பளபளத்தது என்று கேட்டான்.

எனக்காகச் சாம்பல் பிடித்த கைகள் முன்னால் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல மனசு வரவில்லை. பொரிப் பை, அடி பம்பு, அடைக்கலமேரி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜெயவேலின் முகம் கறுத்துவிட்டது. “பூஜையில வச்ச சாமான எட்த்துகினு போயி, கழுவி, அன்னிக்கே வேல பாத்துகீற. கொலகூட கோவத்துல வரும் கஸ்பாரு. இது யோசிச்சி செஞ்சது.”

நாலு நாள் என்னோடு யாரும் பேசவில்லை. கொலை செய்தவனுக்கு வடை, ரெஞ்சை எடுத்தவனுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. முதல் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. சிபாரிசுக் காகிதம் ஜெயவேல் சட்டைப் பையில் மடித்தபடியே கிடந்தது. ஐந்தாம் நாள் பூவம்மாதான் நடுவில் புகுந்து ஒரு தீர்ப்புச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நான் என் கையால் பதினேழாம் நம்பர் ரெஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைக்க வேண்டும். உள்ளுக்குள் அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உடைத்தேன். முதல் அடியில் உடையவில்லை. மூன்றாவது அடியில் உடைந்தது. ஜெயவேல் அங்கேயே, என் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுத்தமான பட்டறை என்று போலீஸிடம் பெயர் வாங்கிய குஷியில் இருந்த மேனேஜரும் மறு பேச்சில்லாமல் போட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசையில் முதல் ஓலை. ஜெயவேலும் குணசேகரனும் பூவம்மாவும், அவர்களோடு பட்டறை முழுவதும், துவைத்த சட்டையும் சேலையுமாகக் கோயிலின் பின்வரிசையில் வந்து நின்றார்கள். முன்பின் கோயிலுக்குள் வந்தவர்கள் இல்லை. ஸ்டானிஸ்லாஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடைக்கலமேரி என் விரல் நகத்தில் போகாமல் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பங்குச்சாமியார் எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார். வழக்கம்போல, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். அது சம்பிரதாயம். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

அது ஜெயவேலுக்குத் தெரியாது. கேள்வி என்று ஒன்று கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். யூனியன் கூட்டத்தில் எழுவதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். கோயில் மொத்தமும் திரும்பியது. நான் ரெஞ்சு திருடியதும், கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்ததும் அங்கே முப்பத்தோரு பேருக்கும் பூவம்மாவுக்கும் தெரியும்.

“எங்களுக்குத் தெரிஞ்சி ஒண்ணும் இல்லீங்க சாமி,” என்றார் ஜெயவேல்.

அவர் பின்னால் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சாமியார் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.